எவ்வளவு பெரிய எண்ணுக்கும் 73 போதும்!

நாகர்கோவிலில் படித்த கணித மேதையின் சாதனை

கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் நிற்கிறது வட்டக்கோட்டை. திருவிதாங்கூர் காலத்துக் கற்கோட்டை அது.

அந்தக் கடற்கரை மணலை எண்ணி முடிக்க யாரால் முடியும்?

ஆனால், எண்ணாமலே ஒன்று சொல்லிவிடலாம். மணல் எத்தனை கோடி இருந்தாலும், அதை 73 குவியலுக்கு மேற்படாமல் பிரித்துவிடலாம்!

இது ஜோசியம் அல்ல, கணக்கு. நிரூபித்தவர், எஸ்.எஸ்.பிள்ளை.

குவியல் எப்படி?

குவியலில் இஷ்டம்போல் மணல் வைக்கக்கூடாது. ஓர் எண்ணை ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் வரும் தொகைதான் இருக்கவேண்டும்.

1-ஐ அப்படிப் பெருக்கினால் 1. 2-ஐப் பெருக்கினால் 64. 3-ஐப் பெருக்கினால் 729. 10-ஐப் பெருக்கினால் 10 லட்சம்.

703-ஐப் பிரித்துப் பாருங்கள். 729 பெரிது, உதவாது. 64 வீதம் 10 குவியல் வைத்தால் 640. மீதி 63. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் வைக்கவேண்டும். ஆக, 73 குவியல். இதற்குக் குறைந்து முடியாது.

10,00,703-க்கு என்ன செய்வது? 10 லட்சம் ஒரு குவியல், 703-க்கு 73 குவியல். மொத்தம் 74. ஒன்று கூடிவிட்டதே!

கவலை வேண்டாம். 10 லட்சத்தைக் கலைத்துவிடுங்கள். 9, 8, 7, 6 ஆகியவற்றின் குவியல் ஒவ்வொன்று. 5-ன் குவியல் 2. 4-க்கு 2. 3-க்கு 4. 2-க்கு 7. 1-க்கு 7. மொத்தம் 26 குவியல்தான்! காகிதத்தில் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் எண்களுக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுள் போதாது. ஒன்றுகூடத் தப்பாது என்று நிரூபிக்கவேண்டும்.

170 ஆண்டு

இத்தகைய கேள்வியை 1770-ல் எழுப்பியவர் வாரிங் என்ற ஆங்கிலேயர். எல்லை ஒன்று உண்டு என்று 1909-ல் ஜெர்மனியின் ஹில்பர்ட் நிரூபித்தார். ஆறாம் பெருக்கத்துக்கு அந்த எல்லை 73 என்று 1940-ல் காட்டினார் பிள்ளை.

அவர் 1901-ல் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளி இறுதி ஆண்டில் தந்தையும் காலமானார். ஆனாலும் படிப்பை விடவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரத்திலும் படித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் இந்தச் சாதனையைப் புரிந்தார்.

விமான விபத்து

1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள அவர் புறப்பட்டார்.

ஆகஸ்டு 31-ந்தேதி, கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது 49.

ஐந்தாம் பெருக்கத்துக்கு 37 போதும் என்று 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தார். நான்காம் பெருக்கத்துக்கு 19 போதும் என்பது 1986-ல் முடிவாயிற்று. அதைக் கண்ட மூவரில் ஒருவர், சென்னைக் கணித அறிஞர் ஆர்.பாலசுப்பிரமணியன்.

ஆறாம் பெருக்கத்தின் விடையோ, பிள்ளை அதற்கு முன்பே தந்துவிட்டுப் போனது!