தவறணை மண்ணும் தப்பிய வாயுவும்

விதைக்குப் பதில் துண்டு நட்டு வளர்க்கும் வி.பி. தேயிலை மலைநாட்டில் பரவியபோது தோட்டத்துக்குத் தோட்டம் தவறணைகள் என்னும் நாற்றங்கால்கள் பெருகின. ஓர் இலையும் சிறு தண்டும் கொண்ட துண்டு, பொலித்தீன் பைக்குள் மாதக்கணக்கில் வளர வேண்டும். அந்தப் பை மண்ணில் வேர்ப்புண் நூற்புழு இருந்துவிட்டால், அது கன்றோடு சேர்ந்து மலைக்கும் போகும். நுவரெலியா, ஹற்றன் பக்கத்துக் குளிர்ந்த மண் அதற்கு வாகானது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அதை ஆராய்ந்தவர் லூஸ். பிராட்டிலெங்கஸ் லூசி என்று 1960இல் புழுவுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும் கௌரவங்கள் இப்படியும் உண்டு.

அன்று இந்தப் புழுவுக்கு மருந்து மெதைல் புரோமைட். சலித்த மண்ணைக் குவித்து, பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்போட்டு அமுக்கிவிட்டு, உள்ளே வாயுவைத் திறந்துவிடுவார்கள். ஏறக்குறைய 4 பாகை செல்சியஸிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் நுவரெலியாக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. புழு, பூஞ்சணம், களை விதை எல்லாம் சில நாளில் தீர்ந்தன. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. கசிந்தால் தெரியட்டும் என்று, கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரினைச் சிறிதளவு கலந்து வைத்தார்கள்.

மூடியிருந்தாலும் வாயு நின்றுவிடவில்லை. சாதாரணப் பொலித்தீன் ஊடாகவே அது கசியும். கலிபோர்னிய வயல்களில் அளந்தபோது, இட்டதில் பாதிக்கு மேல் காற்றில் கலந்த சந்தர்ப்பங்களும் இருந்தன. மேலே போனால் அதன் புரோமின் ஓசோனைத் தின்னும். அணுவுக்கு அணு பார்த்தால் குளோரினைவிடப் பல மடங்கு. 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னிய ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். அமோனியம் தயோசல்பேட்டு என்ற சாதாரண உரத்தை மேல்மண்ணில் தெளித்தால், ஏறிவரும் வாயுவின் மெதைல் பகுதியைக் கந்தகம் பிடித்துக்கொள்ளும். புரோமின் உப்பாகி மண்ணிலேயே தங்கும். அழகான வேதியியல்தான், ஆனால் காலம் கடந்து வந்தது. 1992இலேயே கொப்பன்ஹேகனில் இந்த வாயு, ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வளர்முக நாடுகள் அதைக் கைவிடக் கடைசிக் கெடு 2015. ஏற்றுமதிச் சரக்குக்கு அடிக்கும் புகைக்கு இன்றும் விலக்கு உண்டு. 1990களின் இறுதியில் காற்றில் இலட்சம் கோடியில் 9 பங்குக்குச் சற்று மேலிருந்த மெதைல் புரோமைட், இப்போது 7க்கும் கீழே.

மண் மருந்தாக அதன் இடத்துக்கு வந்தவை மெத்தாம் சோடியம், டசோமெட் போன்றவை. ஈரமண்ணில் சிதைந்து மெதைல் ஐசோதயோசயனேட்டாக மாறிய பிறகே இவை புழுவைக் கொல்கின்றன. பிறகு அதுவும் சிதைகிறது. மக்கிய உரம் கலந்த மண்ணில் இன்னும் வேகமாக. ஓசோனுக்கு இதனால் கேடில்லை. ஆனால் கடுகு நெடி மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரும். முன்பு வானம் பட்டதில் ஒரு பங்கை இப்போது மண் கிளறுகிறவர் படுகிறார். கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

போனது வேகம். அன்று பொருட்டாக இல்லாத குளிர் இன்று நாட்களைத் தின்கிறது. மண் குளிரக் குளிரச் சிதைவு மெதுவாகும்; கீழ்நாட்டில் போதுமான நாள் நுவரெலியாவில் போதாது. நெடி போய்விட்டது என்று மூக்கை மட்டும் நம்பவும் முடியாது. மருந்திட்ட மண்ணில் கொஞ்சத்தைப் போத்தலில் இட்டு, விரைவில் முளைக்கும் முள்ளங்கி போன்ற விதையைத் தூவி மூடிவைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. முளைக்காவிட்டால் மண்ணைக் கிளறி ஆறவிட்டு, இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.