மகாராணி மறைத்த வீக்கம்

‘அவளுக்கென்ன, மகாராணி மாதிரி இருக்கிறாள்!’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். நிஜமான ஒரு மகாராணி, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைத்த ஒரு வீக்கத்தால் உயிரையே விட்ட விஷயம் இது.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின். ஜெர்மனியில், ஆன்ஸ்பாக்கில் 1683-ல் பிறந்தவர். நல்ல படிப்பாளி, தைரியசாலி. அம்மைக் கொப்புளச் சீழைத் தோலில் கீறி ஏற்றும் ‘அம்மை குத்துதல்’ என்றாலே பலரும் மிரண்ட காலத்தில், 1722-ல் தன் மகள்கள் இருவருக்கு அதைச் செய்யச் சொன்னவர்!

எட்டுக் குழந்தைகள் பெற்றவர். 1724-ல் கடைசிப் பெண் லூயிசா பிறந்த பிறகு அவருக்குத் தொப்புளில் வீக்கம் கண்டது. கணவர் கவனித்துக் கேட்டபோதும் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சமாளித்துவிட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். கணவருக்குத் தன்மேல் உள்ள பிரியம் குறைந்துவிடுமோ என்ற பயம்தான் காரணமாம். இப்படியே பதின்மூன்று வருஷம் ஓடியது.

1737 நவம்பர் 9-ம் தேதி, தாங்க முடியாத வயிற்றுவலி. ஏதோ வாயுக் கோளாறு என்று நினைத்த அரண்மனை வைத்தியர்கள் வலிக்கு மருந்து கொடுத்தார்கள், விஸ்கி கொடுத்தார்கள், ரத்தத்தையும் வெளியேற்றினார்கள். எதுவும் கேட்கவில்லை. நிலைமை மோசமான பிறகுதான், மனசு பொறுக்காமல் அரசர் உண்மையைச் சொன்னார். மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. அப்படியே கத்தி வைத்தார்கள். பிறகு குடலே வெடித்துவிட்டது. நவம்பர் 20-ம் தேதி ராணி காலமானார். வயது 54.

இன்னொரு சோகம் கேளுங்கள். லூயிசா பின்னாளில் டென்மார்க் நாட்டு ராணியானார். கர்ப்பமாக இருந்தபோது அவருக்கும் இதே தொப்புள் கோளாறு முற்றி, ஆபரேஷன் செய்தும் பலிக்காமல், 1751-ல் இறந்துபோனார். வயது 27தான்!

இது என்ன நோய்?

தொப்புள் குடலிறக்கம். டாக்டர்கள் ஹெர்னியா என்பார்கள். பல பிரசவம், உடல் பருமன், ஓயாத இருமல், மலச்சிக்கலால் முக்குவது ஆகியவற்றால் வயிற்றுச் சுவர் தளரும். தளர்ந்த இடத்தின் வழியே கொழுப்போ குடலோ பிதுங்கும். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலி இருக்காது என்பதால் பெண்கள் ‘பிள்ளை பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பிதுங்கிய குடல் துவாரத்தில் சிக்கி நெரிபட்டால்தான் ஆபத்து. ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே குடல் அழுக ஆரம்பிக்கும்.

வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி வலிக்கிறதா? வாந்தி வருகிறதா? மலமும் காற்றும் பிரியவில்லையா? உடனே ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரியானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விளக்கெண்ணெய், பேதி மருந்து எதுவும் வேண்டாம். வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ளவும் கூடாது.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: பெரியவர்களுக்கு வந்த இந்தத் துவாரத்தை எந்த லேகியமும் எண்ணெயும் மூடாது. கிழிசலைத் தைத்துத்தான் ஆக வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும், எடையைக் குறைப்பதும் கூடுதல் துணை, அவ்வளவுதான். கைக்குழந்தைகளின் தொப்புள் புடைப்பு மட்டும் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். காசு வைத்துக் கட்ட வேண்டாம்.

கரோலினின் காலத்தில் வீக்கத்தை வெளியே சொல்லியிருந்தாலும் வைத்தியம் சுலபமில்லை. இன்று அப்படியில்லை. நெரிபடுவதற்கு முன்பே செய்துகொண்டால் இது சாதாரண ஆபரேஷன். உங்கள் வீட்டில் அம்மாவோ மனைவியோ அப்படி ஒரு வீக்கத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டிருக்கலாம். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் பதமாகக் கேட்டு, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.