ஆய்வேட்டுக் களஞ்சியமும் அதன் பயன்பாட்டுக் கணக்கும்

தருமபுரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலத்தில் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்குபவை. அப்பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் நூலக அலமாரியோடு நின்றுவிடாமல், குஜராத்தின் காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்திலும் சேர்கின்றன. ஆய்வேடுகளின் மின்படியைப் பல்கலைக்கழகங்கள் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்து, 2016இல் மீண்டும் வலியுறுத்திய விதிமுறைகளே இதற்கு அடிப்படை. இதனால், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களைப் பற்றியோ, இம்மாவட்டத்தின் நடுகற்களைப் பற்றியோ எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டைப் பென்னாகரத்து மாணவர் ஒருவர் பயணமோ கட்டணமோ இன்றிப் படிக்க முடிகிறது. அவ்வாறு எத்தனை பேர் உண்மையிலேயே படிக்கிறார்கள், தேடியது அவர்களுக்கு உரிய நேரத்தில் கிடைக்கிறதா என்னும் கேள்விகளுக்கு விடை தருவது களஞ்சியத்தின் பயன்பாட்டுக் கணக்கு. அதைச் சரியாக எடுப்பது தோன்றும் அளவுக்கு எளிதன்று.

சோத்கங்கா 'டிஸ்பேஸ்' என்னும் மென்பொருளின் மேல் இயங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனமும் ஹியூலெட் பேக்கர்டு ஆய்வகமும் இணைந்து 2002இல் வெளியிட்ட இது, ஜாவா மொழியில் எழுதப்பட்டது. ஆவணக் கோப்பு, ஆசிரியர் பெயர், துறை, ஆண்டு முதலிய விவரக் குறிப்புகள், யார் எதைப் பார்க்கலாம் என்னும் அனுமதி, தேடலுக்கான சொல்லடைவு ஆகிய நான்கையும் ஒருசேரக் காப்பதால் இத்தகைய மென்பொருள் களஞ்சியம் எனப்படுகிறது. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் எதை, எந்த வடிவில் கேட்கலாம் என்று வரையறுக்கும் நுழைவாயில் ஏ.பி.ஐ. எனப்படும். 2021இல் வந்த டிஸ்பேஸ் ஏழாம் பதிப்பில் வாசகர் காணும் திரை தனியாகவும் களஞ்சியம் தனியாகவும் பிரிக்கப்பட்டு, இரண்டும் ஏ.பி.ஐ. வழியாகவே பேசிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டன. ஆகவே ஒரு வாசகர் ஒரே பக்கத்தைத் திறக்கும்போதும் பின்னணியில் பல கோரிக்கைகள் எழக்கூடும். கோரிக்கைகளின் எண்ணிக்கையை வாசகர்களின் எண்ணிக்கையாகக் கொள்வது முதல் பிழை.

எந்திரத்தின் நலத்தை அறிவதற்கான கணக்கு வேறு, வாசிப்பை அறிவதற்கான கணக்கு வேறு. முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஜாவா களஞ்சியங்களுக்காக 2005இல் இறுதிசெய்யப்பட்ட பொது ஏ.பி.ஐ. வரையறையைச் செயல்படுத்தும் 'அப்பாச்சி ஜாக்ராபிட்' என்னும் வேறொரு மென்பொருளில் இருக்கிறது. எத்தனை முறை படிக்கப்பட்டது, எத்தனை முறை எழுதப்பட்டது, எத்தனை பேர் உள்நுழைந்தனர், எத்தனை வினவல்கள் வந்தன, அவற்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பவற்றை அது தானே எண்ணுகிறது. கடந்த ஒரு நிமிடத்திற்கு நொடிவாரியாக 60 எண்கள், ஒரு மணி நேரத்திற்கு நிமிடவாரியாக 60, ஒரு வாரத்திற்கு மணிவாரியாக 168, மூன்றாண்டுகளுக்கு வாரவாரியாக 156 என்று மட்டுமே அது வைத்திருப்பதால், கணக்கே பெருகி நினைவகத்தை அடைத்துக்கொள்ளும் நிலை வருவதில்லை. பழைய செய்தி சுருங்குகிறது, புதிய செய்தி நுணுக்கமாக நிற்கிறது. நிர்வாகிக்கு வேண்டியதும் இதுவே என்பதால் இந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. நகரப் பேருந்தின் டிக்கெட் கணக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லுமே தவிர, நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று சொல்லாது. காத்திருப்பு நேரத்தின் சராசரியும் ஏமாற்றக்கூடியது: 99 தேடல்கள் 0.1 நொடியிலும் ஒரு தேடல் 20 நொடியிலும் முடிந்தால் சராசரி 0.3 நொடிதான், அந்த ஒருவர் பொறுமையிழந்து வெளியேறியது அதில் தெரியாது. மிக மெதுவான கோரிக்கைகளைத் தனியே குறித்துவைக்கும் பழக்கம் இதனாலேயே இன்றியமையாததாகிறது.

வாசிப்புக் கணக்கின் சிக்கல் இன்னும் ஆழமானது. பக்கத்தில் பதிக்கப்படும் எண்ணும் கருவி, தேடுபொறியிலிருந்து நேரே பி.டி.எஃப். கோப்புக்கு வருபவரைத் தவறவிடுகிறது. அவரைச் சர்வரில் எடுக்கும் கணக்கு மட்டுமே பிடிக்கும். டிஸ்பேஸ் 2010 முதல் ஒவ்வொரு பார்வையையும் பதிவிறக்கத்தையும் 'சோலர்' என்னும் தேடல் எந்திரத்தில் தனித்தனி நிகழ்வாகப் பதிகிறது. ஆனால் அந்த நிகழ்வுகளில் பெரும்பகுதி மனிதர்களுடையது அல்லாமலிருக்கலாம். தேடுபொறிகளின் தானியங்கிகளோடு இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காக உரை திரட்டும் தானியங்கிகளும் சேர்ந்துவிட்டன. 2025இல் களஞ்சியங்களின் உலகக் கூட்டமைப்பான 'கோர்' நடத்திய கணக்கெடுப்பில், விடையளித்த களஞ்சியங்களில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இவற்றின் அத்துமீறிய வருகையைச் சந்தித்ததாகத் தெரிவித்தன.

இத்தகைய வருகைகளை நீக்கி எண்ணுவதற்கு, 2002இல் தொடங்கப்பட்ட 'கவுன்ட்டர்' என்னும் அமைப்பு விதிகளை வகுத்துள்ளது. அறியப்பட்ட தானியங்கிகள் கணக்கில் சேரா. ஒருவரே ஒரே கோப்பை 30 நொடிக்குள் இருமுறை சொடுக்கினால் அது ஒன்றாகவே கொள்ளப்படும். விதி நியாயமானது, ஆனால் இங்கே ஒரு விலை கொடுக்க நேர்கிறது. கல்லூரிக் கணினி ஆய்வகத்திலுள்ள எல்லாக் கணினிகளும் ஒரே இணைய முகவரி வழியாக வெளியே செல்லுமானால், ஆசிரியர் சொன்ன ஆய்வேட்டை ஒரே வேளையில் திறக்கும் மாணவர்களைப் பிரித்தறிய வேறு அடையாளம் இல்லாதபோது, அந்த வகுப்பு முழுவதும் ஒரே வாசகராகச் சுருங்கிவிடலாம். கணினியைப் பகிர்ந்து படிக்கும் மாவட்டங்களின் வாசிப்பு இவ்வாறு குறைத்துக் காட்டப்படுவதைக் கணக்கைப் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

யார் எதைப் படித்தார் என்னும் தடயம் இணைய முகவரியோடு நீண்டகாலம் தங்குவதும் சரியன்று. குறிப்பிட்ட நாள்கள் கடந்தபின் முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும் வசதி டிஸ்பேஸின் புதிய பதிப்புகளில் உண்டு; அதை இயக்கிவைப்பது நிர்வாகியின் கடமை.

எந்த ஊர் ஆய்வு எங்கே படிக்கப்படுகிறது என்பது தெரிந்தால்தான் எதை முதலில் மின்மயமாக்குவது, எந்தத் தமிழ்ச் சொற்களைத் தேடல் குறிப்பில் சேர்ப்பது என்பன போன்ற முடிவுகள் ஊகமாக இராமல் சான்றின் அடிப்படையில் அமையும். ஆகவே களஞ்சியத்திற்கு ஆய்வேடுகளை அளிக்கும் பல்கலைக்கழக நூலகர்கள், தம் ஆய்வேடுகளுக்குரிய பதிவிறக்கக் கணக்கை, தானியங்கிகளை நீக்கிய முறையையும் உடன் குறிப்பிட்டு, ஆண்டுதோறும் தம் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.