நீலச் சுடரும் மூடிய அறையும்



இரத்தினபுரி மாவட்டம் மழைக்குப் பெயர்போனது. இரத்தினபுரி நகரிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. பலாங்கொடை, இறக்குவானை மலைத் தோட்டங்களிலும், கேகாலைப் பக்கத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலை இறப்பர்த் தோட்டங்களிலும் அடைமழைக் காலத்து அதிகாலையில் பீலித் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொள்வது எத்துணைத் துணிவு வேண்டும் செயலென்பதை அங்கு வாழ்வோர் அறிவர். பிள்ளை பெற்ற தாய்க்கும், கைக்குழந்தைக்கும், முதியோருக்கும் வெந்நீர் இன்றியமையாதது. அந்த வெந்நீரை இதுவரை தந்து வந்தது விறகடுப்பு. இறப்பர் விறகோ கவ்வாத்துச் செய்த தேயிலை மிலாறோ எரிந்து, லயத்துக் காம்பராவைப் புகையால் நிரப்பி, தண்ணீரைக் காய்ச்சித் தந்தது.

இந்நாட்டில் வெந்நீருக்கென விற்கப்படும் கருவிகளுள் மின்கருவியே பெருவழக்கு. ஆயினும் நொடியில் நீரைச் சுடவைக்கும் மின்கருவி இழுக்கும் மின்னோட்டத்தைப் பழைய லயத்துக் கம்பிகள் தாங்கா. ஆகவே எரிவாயுவால் இயங்கும் கருவியைச் சிலர் நாடுகின்றனர். கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் மகன், தாயின் மூட்டுவலியை நினைத்து ஒன்றை வாங்கி அனுப்புகிறான். அன்பினால் வந்த அந்தப் பெட்டியை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதிலேதான் உயிரும் இறப்பும் அடங்கியிருக்கின்றன.

முதலில் அதன் இயக்கத்தை அறிந்துகொள்வோம். குழாயைத் திறந்தவுடன் பாயும் நீர், கருவியினுள் இருக்கும் ஓர் இறப்பர்ச் சவ்வை அழுத்துகிறது. சவ்வு அசைய, வாயுவின் வாயில் திறக்கிறது. பற்றரி ஒரு பொறியை எழுப்ப, சுடர் பற்றுகிறது. சுடருக்கு மேலே சுற்றிச் செல்லும் செப்புக் குழாயினூடே ஓடும் நீர் சூடேறி வெளிவருகிறது. நீர் நின்றால் சவ்வு தளர்ந்து சுடரும் அணையும்.

இதனைத் தெரிந்துகொண்டால் கருவியின் ‘பிடிவாதங்கள்’ பலவும் விளங்கிவிடும். மலை ஊற்றிலிருந்து தொட்டிக்கு வந்து, தொட்டியிலிருந்து தானாக இறங்கும் நீரே தோட்டங்களில் பெரும்பாலும் கிடைக்கிறது. தொட்டி ஒரு மீற்றர் உயர்ந்தால் அழுத்தம் ஒரு பாரின் பத்திலொரு பங்குதான் உயரும். இத்தகைய கருவிகள் பலவற்றுக்கு ஏறத்தாழ கால் பார் அழுத்தமேனும் வேண்டும். ஆகவே தொட்டி கருவிக்கு மேலே இரண்டரை மூன்று மீற்றர் உயரத்தில் இல்லையெனின் அது பற்றவே பற்றாது. பெருமழைக்கு மறுநாள் பற்ற மறுத்தால், கலங்கிய நீரோடு வந்த மணல் நுழைவாயிலின் வலையை அடைத்திருக்கும். கழற்றிக் கழுவினால் போதும். பொறி தாமதித்து, ‘டும்’ என்ற ஓசையோடு சுடர் பற்றுமாயின், பற்றரி தளர்ந்ததென்றோ எரிமுனையில் தூசி படிந்ததென்றோ கொள்ளலாம். அவ்வோசையை அலட்சியம் செய்தலாகாது. பற்றுவதற்கு முன்னரே வாயு அங்கே தேங்குகிறது என்பதே அதன் பொருள். உருளையின் வெளிப்புறத்தில் வியர்த்தாற்போல் நீர் அரும்புவது கண்டு சிலர் கசிவென்று அஞ்சுவர். அது கசிவன்று. உள்ளே திரவம் வேகமாக ஆவியாகும்போது உருளை குளிர்கிறது. நம் ஈரக்காற்று அதன்மேல் பனிக்கிறது. அந்தப் பனி எதுவரை நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவரை உள்ளே திரவம் இருக்கிறதென்று அறியலாம். தராசில்லாத வீட்டிற்கு இஃதொரு நல்ல அளவுகோல்!

இனி, காற்றின் கணக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு 6 லீற்றர் நீரை 25 பாகை சூடேற்றும் கருவி, மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வாயுவை எரிக்கும். இது ஐந்தாறு சமையல் அடுப்புகளை ஒருங்கே எரிப்பதற்குச் சமம். ஒரு கிலோகிராம் வாயு செவ்வையாக எரிய 12 கன மீற்றருக்கு மேல் காற்று வேண்டும். நான்கடி அகலமும் ஆறடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள குளியலறையில் இருப்பதோ ஐந்தரைக் கன மீற்றர் காற்று. கருவியை அவ்வறைக்குள்ளேயே மாட்டி, சாரல் அடிக்கிறதென்று கதவையும் பலகணியையும் சாத்திப் பத்து நிமிடம் குளித்தால், அந்தக் காற்றின் ஒட்சிசனில் மூன்றிலொரு பங்கைச் சுடரே உண்டுவிடும். அவ்வளவு குறையும்வரை சுடர் நேர்மையாக எரிவதுமில்லை. ஒட்சிசன் சிறிது குன்றிய அளவிலேயே எரிதல் முற்றுப்பெறாமல், காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கத் தொடங்கும்.

அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்கும் குணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இணைகிறது. குருதி ஓடிக்கொண்டேயிருக்கும், ஒட்சிசன் மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கால் தளர்வு என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். கால் தளர்ந்தபின் தாழ்ப்பாளைத் திறக்கும் வலுவும் இராது. இந்தியாவில் குளியலறையில் வலிப்புக் கண்டு விழுந்தோர் பலர், முதலில் காக்கை வலிப்பு நோயாளர் என்றே கருதப்பட்டனர். பின்னரே மருத்துவர்கள் இவ்வகைக் கருவியைக் காரணமாகக் கண்டு, கருவியின் பெயராலேயே அந்நோய்க்குப் பெயரிட்டு எழுதினர். 1868 இல் இலண்டனில் பெஞ்சமின் மௌகன் என்பவர் முதன்முதல் ஆக்கிய வாயு வெந்நீர்க் கருவிக்கும் புகைபோக்கி இருக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அதே குறையோடு கருவிகளை மாட்டிக்கொண்டிருப்பது வியப்பேயாகும்.

இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் இறங்குவோர், ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கொண்டு காற்றைச் சோதிக்கும் வழக்கத்தை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். சுடர் மங்கினால் ஒட்சிசன் குறைவென்று மேலேறிவிடுவர். நல்ல முறைதான், ஆனால் குளியலறைக்கு அது உதவாது. ஆளை வீழ்த்தப் போதுமான காபனோரொட்சைட்டு இருக்கும் காற்றிலும் மெழுகுவர்த்தி நன்றாகவே எரியும். விறகடுப்பின் புகை நம்மை இருமவைத்து வெளியே துரத்தியது. நீலச் சுடரோ அவ்வாறு எச்சரிப்பதில்லை. மஞ்சளாக எரிந்து கரி படியுமாயின் அபாயம் நிச்சயம். நீலமாக எரிவது மட்டும் அபயமாகாது.

ஆகவே கருவியை அறைக்கு வெளியே, காற்றோடும் புறச்சுவரில், தாழ்வாரத்து நிழலில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுசெல்லுங்கள். ‘பலகணியைத் திறந்துவைத்தால் போதாதா?’ என்று கேட்பவர் உண்டு. மழையடிக்கும் மார்கழிக் காலையில் அந்தப் பலகணி திறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உருளையைப் பற்றியும் சில சொல்லவேண்டும். 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களில் எரிவாயு வெடிப்புகள் நேர்ந்ததும், அவற்றை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, வாயுக் கலவையில் நேர்ந்த மாற்றத்தை முதன்மைக் காரணமாகக் காட்டியதும் நினைவிருக்கும். புரொப்பேன், பியூற்றேன் ஆகிய இரண்டின் கலவையே நம் உருளையில் உள்ளது. நம் வெப்பநிலையில் புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூற்றேனுடையதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேன் மிகுந்தால், தளர்ந்த இணைப்பும் வெடித்த குழாயும் தம் குறையைக் காட்டிவிடும். சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தால் கசிவு குமிழியாகத் தோன்றும். தீக்குச்சியால் சோதிப்போர் இன்றும் உளர்; அது பேதைமை.

இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுடையது. கசிந்தால் மேலெழாது, தண்ணீரைப்போல் பள்ளம் நோக்கி வழியும். நம் லயங்களோ மலைச்சரிவில் படிப்படியாக அமைந்தவை. மேல் லயத்தில் கசிந்த வாயு கானுவழியே இறங்கி, கீழ் லயத்தின் விறகடுப்பை அடையக்கூடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். எனவே உருளையை வெளியே, நிமிர்த்தி, கானுக்கும் அடுப்புக்கும் விலக்கி நிறுத்துக.

குளிக்கச் சென்றவர் குரல் கொடுக்காவிடின் தயங்காது கதவை உடையுங்கள். வாயுவை அடைத்து, அவரை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ ஊர்தி கட்டணமின்றி வரும். மருத்துவமனையில், ‘எரிவாயுக் கருவி எரிந்த மூடிய அறையில் கிடந்தார்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரல்நுனியில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் சிறு கருவி, காபனோரொட்சைட்டு ஏறிய குருதியையும் ஒட்சிசன் நிறைந்ததென்றே பெரும்பாலும் காட்டும். தனிப்பட்ட குருதிச் சோதனையே உண்மையைக் காட்டும். நீங்கள் சொன்னால்தான் அச்சோதனையை மருத்துவர் நினைப்பார்.