பிரஷ் கட்டர் பிடிப்பவரின் கண்ணுக்கு யார் பொறுப்பு?

கார்த்திகை மழை ஓய்ந்ததும் தென்னந்தோப்புகளில் புல் முழங்காலுக்கு மேல் நிற்கும். களைவெட்டுக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் பிரஷ் கட்டரோடு வரும் ஒற்றை ஆளைத்தான் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அவர்களில் பலர் ரப்பர் செருப்போடு வருகிறார்கள். லுங்கியை மடித்துக் கட்டி, தூசுக்காக மூக்கையும் வாயையும் துண்டால் சுற்றிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்தபடி விட்டுவிட்டு இயந்திரத்தைக் கிளப்புகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு சரளைக்கல் அடிபட்டால் எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. நம் தோப்புகளில் கல் மட்டுமா கிடக்கிறது? பழைய வேலியின் கட்டுக்கம்பி, சொட்டுநீர்க் குழாயின் உடைந்த துண்டு, சிரட்டைச் சில்லு, யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டிலின் கண்ணாடி என எல்லாமே புல்லுக்குள் மறைந்திருக்கும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை தோப்பை நடந்து பார்த்து இவற்றைப் பொறுக்கிப்போட வேண்டியது நிலத்துக்காரர்தான். எங்கே என்ன புதைந்து கிடக்கிறது என்று வாடகைக்கு வந்தவருக்கு எப்படித் தெரியும்?

சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்பது பொதுவான விதி. 25 அடிக்கு ஒரு தென்னை வைத்த தோப்பில் இது இரண்டு மர இடைவெளி. அதற்குள்தான் பெரும்பாலும் மாடு கட்டியிருக்கிறது, கீற்று பொறுக்குகிறவர்கள் குனிந்து நிற்கிறார்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளை வேடிக்கை பார்க்கிறது.

பிளேடுக்குப் பின்னால் இருக்கும் காப்புத் தகட்டைப் பலர் கழற்றிவிடுகிறார்கள். ஈரப்புல் அதில் அடைத்துக்கொள்கிறது என்பதுதான் காரணம். அடைத்தால் இன்ஜினை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு புல்லை எடுத்துவிட்டு வெட்டலாம். தகடு போய்விட்டால் காலுக்கும் முகத்துக்கும் நேராக எல்லாம் வரும். நைலான் நரம்பு சீக்கிரம் தேய்கிறதென்று அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியோ சைக்கிள் பிரேக் ஒயரோ மாட்டுவது இன்னும் கொடுமை. அறுந்த துண்டு தோட்டாபோலப் பாயும். சங்கிலிக் கண்ணிகளைக் கோத்த வெட்டும் தலையை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. ஒரு கண்ணி கழன்று பறந்தால் தூரத்தில் நிற்பவரையும் கொல்லும் என்பதுதான் காரணம்.

பிளேடைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12-க்கும் 3-க்கும் இடைப்பட்ட பகுதி கட்டையில் பட்டால் மொத்த இயந்திரமும் வலப்பக்கம் உதறும். ஆகவே வலமிருந்து இடமாக வீசி, இடது ஓரத்தால் வெட்ட வேண்டும். காதடைப்பான், பூட்ஸ், சூடான டேங்க்கில் பெட்ரோல் ஊற்றாமல் இருப்பது, இவையெல்லாம் இயந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே இருக்கின்றன. எனக்குக் கவலை கண்ணைப் பற்றித்தான்.

கல் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். புல் பட்டால் துண்டால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். இந்த இரண்டாவதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. மதுரையில் 1994-இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 65 சதவீதம் பேருக்குப் புண் வருமுன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காரணம் பூஞ்சை. அரிவாளும் களைக்கொத்தும் பிடித்த காலத்துக் கணக்கு இது. மண்ணிலும் பயிரிலும் வாழும் அதே பூஞ்சையைப் புல் துணுக்கோடு சேர்த்து இன்றைக்கு இன்ஜின் வேகத்தில் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

பூஞ்சைப் புண் மெதுவாக வளரும். முதல் நாள் உறுத்தலும் நீரும்தான். வீட்டில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுகிறார்கள். அதைவிட மோசம், மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பு குறையும், வலி அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும்போது பல வாரச் சிகிச்சை வேண்டியிருக்கும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவைவரை போகும். சீக்கிரம் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு சாட்சி. கருவிழிக் கீறலுக்குக் கிராம சுகாதாரப் பணியாளர்களே ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என 2001-இல் அந்த ஆய்வு வெளியானது.

கல்லில் மோதிய பிளேடிலிருந்து தெறிக்கும் இரும்புப் பொடி வேறு வகை ஆபத்து. கண்ணைத் துளைத்து உள்ளே போன வழி வெளியே தெரியாது, வலியும் ஒரே நாளில் அடங்கிவிடலாம். உள்ளே இருக்கும் இரும்பு மெல்லத் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். ஆகவே டாக்டரிடம் “பிளேடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ பட்டது” என்று சொல்லியே ஆக வேண்டும். அதைக் கேட்டால்தான் அவர் எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுத்துப் பார்ப்பார். எம்ஆர்ஐ எடுக்கவிருந்தால், உள்ளே இரும்பு இல்லை என உறுதியாகும்வரை கூடாது.

வெயிலில் பாதுகாப்புக் கண்ணாடி வியர்த்து மங்குகிறது, மாட்டினால் வேலை ஓடவில்லை என்று வெட்டுகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. காற்றுப் போக்குக்கு ஓரத்தில் துளை வைத்த கண்ணாடிகள் கிடைக்கின்றன. முகத்துக்கு முன் தொங்கும் கம்பிவலையை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய கல்லை அது தடுக்கும், பொடியும் புல் துணுக்கும் வலைக்கண் வழியே நுழைந்துவிடும். உள்ளே பாதுகாப்புக் கண்ணாடி, வெளியே வலை, இரண்டும் சேர்ந்துதான் காப்பு.

இந்தப் பொறுப்பை வெட்டுகிறவர் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. கூலிக்கு வருகிறவர் அடுத்த தோப்புக்கு ஓடும் அவசரத்தில் இருக்கிறார். ஒரு நல்ல கண்ணாடியின் விலை ஒரு நாள் இயந்திர வாடகையில் சிறு பங்குதான். நிலத்துக்காரர் ஒவ்வொருவரும் மோட்டார் ரூமில் ஒரு கண்ணாடியைத் தொங்கவிட்டு, அதை மாட்டினால்தான் இங்கே வேலை என்று சொல்ல வேண்டும். இயந்திரம் விற்கும் கடைகள் பில்லோடு கண்ணாடியையும் சேர்த்தே கொடுக்கட்டும். அரசு மானியத்தில் இயந்திரம் தரும்போதும் கண்ணாடியைச் சேர்த்துத் தரட்டும்.

அப்படியும் ஏதாவது பட்டுவிட்டால் கசக்கக்கூடாது. மேலோட்டமான தூசியென்றால் சுத்தமான தண்ணீரில் கழுவலாம். குத்தி நிற்பதைப் பிடுங்கக்கூடாது. பேப்பர் கப்பைக் கண்மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிவிட்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பட்டதற்குத் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கு இரவே கிளம்புங்கள்.