மூச்சும் செபமும்

'ஆவி' என்னும் சொல் தமிழிற் பல பொருள் தருவது. உலையிலிருந்து எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, உயிரும் ஆவி. கிறீஸ்தவர் தம் திரித்துவத்தின் மூன்றாம் ஆளையும் இச்சொல்லாலேயே குறிப்பர். முன்னாளிற் கத்தோலிக்கர் 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் பிறமொழித் தொடரை வழங்கினர். அவ்விடத்தை ஆவி என்ற சொல் பெற்றபொழுது மூலமொழிகளின் கருத்து முழுவதும் தமிழில் இறங்கிற்று என்பேன். எபிரேயத்து 'ரூவாக்', கிரேக்கத்து 'நியூமா' ஆகிய இரண்டும் காற்று, மூச்சு, ஆவி என்னும் மூன்றனையும் ஒருங்கே உணர்த்துவன. இலத்தீன் மொழியின் 'ஸ்பிரித்துஸ்' என்பதும் மூச்சுவிடுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்ததே.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. மண்ணினால் மனிதனை உருவாக்கிய இறைவன் அவன் நாசியில் உயிர்மூச்சை ஊதினார் என்று ஆதியாகமம் கூறும். யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு சீடர்மேல் ஊதித் தூய ஆவியை அளிக்கிறார். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் யோவான் நூலிலும் ஊதுதலைக் குறிக்க வருவது ஒரே வினைச்சொல். முதற் படைப்பைப் போலவே புதுப் படைப்பும் இறைவனின் மூச்சினால் ஆயது என்பது குறிப்பு. அங்ஙனமாயின் மனிதன் விடும் மூச்சு அவனுடைய உடைமையன்று, பெற்ற கொடை. கொடை பெற்றவன் கொடுத்தவனை நினைத்தல் முறையன்றோ? அந்நினைவே செபம்.

இக்கருத்தைச் சாதனையாக்கியோர் கீழைத் திருச்சபைத் துறவிகள். 7ஆம் நூற்றாண்டிற் சீனாய் மலை மடத்தின் தலைவராயிருந்த யோவான் கிளிமாக்குஸ், 30 படிகளாக வகுத்த தம் 'ஏணி' நூலில், இயேசுவின் நினைவு மூச்சோடு ஒன்றுபடல் வேண்டும் என அறிவுறுத்தினார். 13ஆம் நூற்றாண்டில், இன்றைய கிரேக்க நாட்டிலுள்ள அதோஸ் மலையில் வாழ்ந்த நிக்கிபோரஸ் என்னும் துறவி அதற்கு ஒரு முறை கூறினார். தனித்து அமர்ந்து, மூச்சு உட்செல்லும் வழியே மனத்தையும் இதயத்துள் இறக்கி, அங்கே இயேசுவின் நாமத்தை இடையறாது நினைத்தலே அம்முறையின் சாரம். செபமோ மிகச் சிறியது. இயேசுவைத் தேவகுமாரனென விளித்துப் பாவியாகிய தனக்கு இரக்கம் வேண்டுவது, அவ்வளவே. பிற்காலத்தார் மூச்சை வாங்கும்போது விளியையும் விடும்போது வேண்டுகோளையும் பொருத்தினர். 'ஹெசிக்கியா' எனப்படும் உள்ளமைதியை நாடியமையால் இவர்கள் ஹெசிக்காஸ்தர் எனப்பட்டனர்.

14ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் கலாபிரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞர் இவர்களை எள்ளினார். தலைகுனிந்து அமர்ந்து செபிக்கும் இவர்களை, ஆன்மா கொப்பூழில் இருப்பதாக எண்ணுவோர் என்று இழித்துரைத்தார். அறிவு கொண்டு நாடவேண்டிய பரம்பொருளை உடம்பு கொண்டு நாடுவதா என்பதே அவர் வினா.

விடை பகர்ந்தவர் அதோஸ் துறவியும் பின்னாளில் தெசலோனிக்கா நகரின் பேராயருமான கிறகரி பலாமாஸ். உடம்பு தூய ஆவி வாழும் ஆலயம் எனப் பவுல் அடிகள் எழுதினார். இறைவனே மானிட உடம்பு கொண்டு வந்தார். அத்தகைய உடம்பைச் செபத்திற்குப் புறம்பென்று தள்ளுதல் யாங்ஙனம்? தொடக்க நிலையில் நிற்போரின் மனம் ஓரிடத்து நில்லாது. மூச்சின்மேல் வைத்த கவனம் அதனை உள்ளே திருப்பும். இவ்வாறு வாதிட்டார் பலாமாஸ். 1341ஆம் ஆண்டிற் கொன்ஸ்தாந்திநோப்பிளிற் கூடிய சங்கம் பர்லாமின் குற்றச்சாட்டைத் தள்ளியது. 1351ஆம் ஆண்டுச் சங்கம் பலாமாஸின் போதனையை உறுதிசெய்தது.

திருமந்திரம் கற்ற நம்மவர்க்கு ஈண்டுப் பிராணாயாமம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஒப்புமை உண்டு, எனினும் இரண்டும் ஒன்றே எனத் துணிதல் பொருந்தாது. ஹெசிக்காஸ்தர்க்கு மூச்சு ஓர் ஏவலாள் மாத்திரமே. அருள் இறைவன் தானாக ஈவது. மூச்சை அடக்கி அதனை வருவித்தல் இயலாது. இத்துறவிகளின் நூல்கள் பல 'பிலோக்காலியா' என்னும் தொகுதியாக 1782இல் வெனிஸ் நகரில் அச்சேறின. 19ஆம் நூற்றாண்டில் அதனை ருஷ்ய மொழியிற் பெயர்த்த தியோபன் என்னும் துறவி, சுவாசப் பயிற்சி கூறும் பகுதிகள் சிலவற்றை வேண்டுமென்றே விலக்கினார். பயிற்சியைப் பற்றிக்கொண்டு செபத்தைக் கைவிடுவார் உளர் என்பது அவர் அச்சம். மேலைநாட்டிலும் இவ்வழி அறியப்படாததன்று. 1548இல் அச்சான தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், இஞ்ஞாசியார் மூச்சொன்றுக்குச் சொல்லொன்றாகச் செபிக்கும் முறையைக் கூறியுள்ளார்.

இவையெல்லாம் மடத்துத் துறவிகளுக்கன்றோ, நமக்கென்ன என்று கேட்கலாம். வாதநோயால் நாவிழந்து கிடந்த கிறீஸ்தவ ஆசிரியர் ஒருவரைக் காண யான் சென்றதுண்டு. நாடோறும் வாய்விட்டுச் செபித்தவர் ஒரு சொல்லும் இன்றிக் கிடக்கின்றாரே என அவர்தம் துணைவியார் வருந்தினார். செபம் என்பது சொல்லின் தொழில் மாத்திரமாயின், நாவோடு செபமும் அடங்கிற்று என்றே கொள்ளல் வேண்டும். அறிவின் தொழில் மாத்திரமாயின், நினைவு மங்கியவர்க்கும் குழந்தைக்கும் அதிற் பங்கில்லை. பர்லாமின் வழி செல்வோர் இம்முடிவுக்கே வருவர். பலாமாஸ் உடம்பைக் காத்து வாதிட்டமையால் இத்தகையோரும் காக்கப்பட்டனர்.

சொற்களைப் போற்றுவதே தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு இஃது எளிதிற் புலப்படும் உண்மையன்று. செபத்தை மூச்சோடு பிணைக்க அத்துறவிகள் நாடோறும் உழைத்ததன் பயன் இங்கேதான் விளங்குகின்றது. கற்ற சொல் ஒரு நாள் மறந்துபோகும், நாவும் தளரும். மூச்சோ இறுதிவரை உடன்வரும். அதனோடு சேர்ந்த செபமும் அதுவரை உடன்வரும் என்பதே அவர்கள் நம்பிக்கை.