பாய் விரித்த கரைகள் – 14: திருப்பதிக்கும் கடல் உண்டு

நகரிக்கு அருகே உள்ள மலை முகட்டுக்கு ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயர் ‘நகரி மூக்கு’. உயரம் சுமார் 2,800 அடி. விடிகாலையில் கிழக்கிலிருந்து வெயில் மலைமேல் விழும்போது, தாழ்ந்து கிடக்கும் கரை தெரியும் முன்பே அந்த மூக்கு தெரிந்துவிடும். பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் பாய் விரித்து வந்தவர்களுக்கு அது நம்பகமான குறி. கடற்கரையே இல்லாத சித்தூர்ச் சீமை, கடலோடிகளுக்கு இப்படி வழி காட்டியிருக்கிறது.

திருப்பதியின் கதை வேறு. 2022 ஏப்ரல் 4 அன்று புதிய மாவட்டம் பிறந்தபோது, நெல்லூரோடு இருந்த தடா, சூளூர்ப்பேட்டை, வாகாடு முதலிய பகுதிகள் அதில் சேர்ந்தன. ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் கூடவே வந்தன. ஏழுமலையானின் ஊர் இன்று கடலோர மாவட்டத்தின் தலைநகர். மலையேறும் பக்தர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தக் கரையைப் பாய்மரப் படகில் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அங்கே துறைமுகத்துக்குள் 1911இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்த துறைமுகக் கழகத்துக்குத் தலைவராக இருந்தவரும் இதே ஸ்பிரிங்தான். அங்கிருந்து வடக்கே கிருஷ்ணபட்டினம் சுமார் 70 கடல் மைல். எண்ணூரையும் காட்டுப்பள்ளியையும் தாண்டிவிட்டால் நடுவில் ஒதுங்குவதற்குத் துறைமுகமே கிடையாது.

போகும்போது எல்லாம் சுகம். பிப்ரவரி தொடங்கி நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து பாயை நிரப்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் துறையிலேயே கட்டிக் கிடப்பதால், இரவில் இழுவலைகளுக்கு நடுவே திக்குமுக்காட வேண்டியதில்லை. கரையில் சவுக்கும் பனையும் மாறி மாறி வரும்; விடுதிகளின் விளக்கு வரிசை எதுவும் கண்ணில் படாது. கிழக்குக் கரையில் சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு இருட்டு மிஞ்சியிருப்பது பெரும் பேறு.

தொல்லை திரும்பும்போது காத்திருக்கிறது. அதே நீரோட்டம் இப்போது எதிரே வரும். அது தெற்கே திரும்ப அக்டோபர் ஆகிவிடும். கூடவே வடகிழக்குப் பருவமழையும் புயலும் வந்து சேரும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவைத் தாக்கிய கடும்புயலை இந்தக் கரை மறக்கவில்லை.

வாகாடு பக்கம் துகராஜபட்டினம் என்று ஓர் ஊர். ஆங்கிலேயர் ஏடுகளில் இதன் பெயர் ஆர்மகான். 1626 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்துப் பீரங்கிகளையும் நிறுத்தியது. கரைக்கு இணையாகக் கடலுக்குள் நீளும் மணல்திட்டு அலையின் வேகத்தைத் தணிப்பதால், உள்ளே நங்கூரமிட்ட கப்பலுக்கு ஓரளவு அமைதி கிடைக்கும். பிற்காலத்தில் அந்த நீர்ப்பரப்பைப் பிளாக்வுட் துறை என்றார்கள். ஆனால் துணி வியாபாரம் படியவில்லை. ஆர்மகானில் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் டே வேறு இடம் தேடினார். 1639இல் சென்னைக்கான அனுமதி கிடைத்தது. அன்றைய சென்னையோ ஒதுக்கிடமே இல்லாத, அலை அறையும் திறந்த கரை. கப்பலுக்கு நல்ல இடத்தை விட்டுவிட்டுத் துணிக்கு நல்ல இடத்துக்குப் போனார்கள்! அந்த முடிவு வேறாக இருந்திருந்தால் துகராஜபட்டினம் இன்று என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இந்த ஊரைக் கடந்துபோக முடியவில்லை.

காப்பாற்றும் அதே மணல்தான் கவிழ்க்கவும் செய்யும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரங்களை மணல் தூர்த்துக்கொண்டே இருக்கிறது. போன வருடம் திறந்திருந்த வாய் இந்த வருடம் மேடாகக் கிடக்கலாம். வரைபடத்தை நம்பிப் போனால் தரைதட்ட வேண்டியதுதான். ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். அடிக்கட்டை ஒன்றரை மீட்டர் இறங்கும் கடல் படகு உள்ளே நுழையவே முடியாது. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்த டச்சுக்காரர்களுக்கு ஆழமற்ற நீர் புதிதல்ல. அவர்கள் ஊர் வாடன் கடலில் தட்டையடிப் படகுகள் வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்து, ஏற்றத்தில் தானே மிதந்துவிடும். அங்கே நீர்மட்டம் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்குகிறது. இங்கே பெருவேற்றத்தில்கூட ஒரு மீட்டர் தேறினால் அதிகம். மாட்டிக்கொண்டால், இறங்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

எனவே ஏரிக்குள் போக உள்ளூர் நாட்டுப்படகுதான் சரி. சூளூர்ப்பேட்டை பக்கம் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். அவை நிற்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு என்று அவற்றின் காலைப் பார்த்தே கணக்கிடலாம். வலைகள்தான் கவனிக்க வேண்டியவை. பழவேற்காட்டு மீனவர்கள் ‘பாடு’ முறையில், எந்த இடம் என்றைக்கு யாருக்கு என்று முறை வைத்துச் சுத்துவலை கட்டுகிறார்கள். உல்லாசமாகப் போகும் படகு ஒரு வலையைக் கிழித்தால், ஒரு குடும்பம் முறை வரும்வரை காத்திருந்து பெற்ற நாள் போச்சு. வழியை விட்டுக்கொடுக்க வேண்டியவர் விருந்தாளிதான்.

ஒரு காலத்தில் இந்த வழியெங்கும் பாய்கள் நிறைந்திருந்தன. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய் படிப்படியாக வடக்கே நீண்டது. பெரும்பஞ்சத்துக்குப் பின் 1878இல் பக்கிங்காம் என்ற பெயர் பெற்றது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு இப்படித்தான் சென்னை அடுப்புகளுக்கு வந்தது.

அந்தத் தீவில் 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ஏவுதளக் கோபுரங்கள் கடலோடிகளுக்குப் புதிய குறியாகிவிட்டன. ஆனால் அங்கே கரையிறங்க முடியாது. ஏவும் நாளில் தளத்தைச் சுற்றிப் பத்துக் கடல் மைல் வட்டம் ஆபத்துப் பகுதியாக அறிவிக்கப்படும். நல்ல காற்று வீசும் நாளாக இருந்தாலும் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

துகராஜபட்டினத்தில் பெருந்துறைமுகம் அமைப்பதாக 2014 ஆந்திர மறுசீரமைப்புச் சட்டம் சொன்னது. விண்வெளி மையமும் பறவைகள் சரணாலயமும் பக்கத்திலேயே இருப்பதால் எதிர்ப்பு எழுந்து, திட்டம் இழுபறியானது. பெருந்துறைமுகம் வந்தால் பூநாரைக்கும் பாடு வலைக்கும் என்ன கதி என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். பாய்மரப் படகுக்கு அங்கே தேவைப்படுவது மிகக் குறைவு: ஒரு சிறு மரத்துறை, முகத்துவாரத்தின் ஆழத்தை மாதந்தோறும் அளந்து நடும் நான்கு கம்பங்கள், குடிக்க நல்ல தண்ணீர்.

(தொடரும்)